அம்மாவின் கடைவாய்ப்பல்

என் அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அல்ல என்று ஆய்வுகூடத்து இயந்திரம் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவைத் தெரிந்த எவரும் சிரித்திருப்பார்கள். குடியேறி வந்த ஸ்காபரோவில் கத்தரிக்காய் வாங்கினாலும், கருவாடு வாங்கினாலும், "எங்கட ஊரில எண்டால்" என்று ஒரு பாட்டம் சொல்லாமல் அவர் கடையை விட்டு வெளியே வந்ததில்லை. அவர் கதவைத் திறக்கும்போதே கடைக்காரர்கள், "அன்ரி, உங்கட ஊர்ச் சாமான் இண்டைக்கு வரேல்ல" என்று முந்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பல்லை அரைத்துப் பார்த்துவிட்டு, இது அந்த மண்ணில் வளர்ந்த பல் இல்லை என்று ஓர் இயந்திரம் சொன்னால் பிழை யாருடையது? இயந்திரத்துடையதுதான். இரண்டு மாதமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா "எங்கட ஊர்" என்று சொல்லும் ஊரை நானோ அண்ணாவோ கண்டதில்லை. அது இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. வீடு இடிந்தது, கோயில் இடிந்தது, சனம் திக்குத் திக்காகப் போய்விட்டது. தாயும் தகப்பனும் அவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போய்விட்டார்கள். எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான். எங்களைச் சுற்றி இருந்த பாதிப் பேரின் கதையும் ஏறக்குறைய இதுவே என்பதால் சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் சொந்தம் நிறைய இருந்தது, அம்மாவின் பக்கத்தில் ஒரு ஆள் கூட இல்லை. யுத்தம் செய்த வேலை என்று எண்ணிக்கொண்டோம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நகரத்து நடுவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பழங்காலத்து மனிதர்களின் பற்களை ஆராய்கிறேன். மகள் பல்லோடு வேலை செய்கிறாள் என்று அம்மா பெருமையாகச் சொல்லப்போய், கலியாண வீடுகளில் என் முன்னால் வாயைத் திறந்து காட்டிய அங்கிள்மார் உண்டு. அண்ணா அதை "எலும்புக் கடை" என்பான். கடை எப்படிப் போகுது, வியாபாரம் பரவாயில்லையோ என்று ஒவ்வொரு முறையும் கேட்பான்.

எங்கள் கடைக்கு வரும் சரக்கு தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் இருந்து வருகிறது. மரம் முளைக்காத, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிற உயரம். சட்டிபானை வனையப் பழகுவதற்கும் முந்திய காலத்தில் அங்கே சிறு சிறு கூட்டமாக மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஒட்டக இனத்துச் சின்ன மிருகங்களை வேட்டையாடினார்கள், கசப்புக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், செத்தவர்களைத் தாங்கள் படுத்தெழும்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அவர்கள் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களா, கீழே கடற்கரையில் இருந்து பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியவர்களா என்பதுதான் எங்கள் கேள்வி.

இதற்குப் பல் பதில் சொல்லும். ஸ்ட்ரோன்சியம் என்று ஒரு தனிமம் எல்லாப் பாறையிலும் கொஞ்சம் இருக்கிறது. பாறைக்குப் பாறை அதன் தன்மை வேறு. பாறையில் இருந்து தண்ணீருக்கும், தண்ணீரில் இருந்து பயிருக்கும், அங்கிருந்து குழந்தையின் வாய்க்கும் அது போய்ச் சேரும். முதற் கடைவாய்ப்பல்லின் மேற்பூச்சு மூன்று வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்தத் தேசத்துக்குப் போனாலும், எதைத் தின்றாலும் அந்தப் பூச்சு மாறாது. நான் அதில் ஒரு துளி அரைத்து, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்துக்குக் கொடுப்பேன்.

போன மாரியில் எங்களுக்கு வந்த பற்களில் ஒன்று ஓர் இளம்பெண்ணுடையது. மற்றவர்களின் பற்கள் எல்லாம் அந்த மலைப் பாறையோடு பொருந்திப்போக, இவளுடையது மட்டும் பொருந்தவில்லை. எங்கோ தாழ்நிலத்தில் வளர்ந்தவள். அறிக்கையின் வரைவில் நான் அவளை "வெளியாள்" என்று குறித்திருந்தேன். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் அம்மாவும் நானும்தான் இருக்கிறோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் இதை அம்மாவுக்குச் சொன்னேன். வழக்கமாக என் ஆராய்ச்சிக் கதைக்கு அவர் "ம்" கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"அவள் தானா வந்தவளோ, ஆரும் கூட்டியந்தவையோ?" என்றார்.

"அது பல்லில தெரியாது அம்மா."

"அவளை எங்க தாட்டுக் கிடந்தது?"

"மற்ற ஆக்களுக்கு நடுவில."

"அப்ப நல்ல சனம்தான்" என்று சொல்லிவிட்டுச் சொதியைச் சூடாக்கப் போனார்.

அந்த நாட்களில்தான் எங்கள் பேராசிரியை ஒரு யோசனை சொன்னார். எங்கள் முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வளர்ந்த இடம் சந்தேகமில்லாமல் தெரிந்தவர்களின் பற்கள் சில வேண்டும். நியூபவுண்ட்லாந்தில் பிறந்த சக மாணவன் ஒருவன் தன் ஞானப்பல்லைக் கொண்டுவந்தான். நான் அம்மாவின் பல்லை நினைத்தேன். யாழ்ப்பாணம் கடலுக்குள் உருவான சுண்ணாம்புக்கல். அதன் அடையாளம் அவ்வளவு தெளிவானது. இலங்கையின் நடு மலைகளோ மிகப் பழைய பாறை, இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? என் அம்மா சுத்த யாழ்ப்பாணம், நூற்றுக்கு நூறு சுண்ணாம்புக்கல் என்று பேராசிரியையிடம் பெருமையடித்தேன்.

அம்மாவுக்கு முந்திய கோடையில் வோபர்னில் ஒரு பல் வைத்தியர் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார். வெட்டிய நகத்தையும் கொட்டிய மயிரையும் கண்ட இடத்தில் போடக்கூடாது, எவனாவது எடுத்து என்னவும் செய்துவிடுவான் என்பது அம்மாவின் கொள்கை. பல்லையும் அங்கே விட்டுவிட்டு வர மறுத்து, கேட்டு வாங்கி, காலி மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருந்தார். ஆய்வுக்குத் தாருங்கள் என்றபோது முழு விபரமும் சொன்னேன். விதிமுறை அப்படி.

"உதில என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"சின்னனில எந்தத் தண்ணி குடிச்சு வளந்தனீங்கள் எண்டு தெரியும்."

போத்தலைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். வலித்த பல்லை நினைக்கிறார் என்று எண்ணினேன். பிறகு, "கொண்டு போ" என்று நீட்டினார்.

விடை வந்த நாளில் பேராசிரியை என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு, உன் அம்மா மலையில் பிறந்தவரா என்று கேட்டார். மலையா? யாழ்ப்பாணத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கூடக் கிடையாது என்றேன். மாதிரி மாறிப்போயிருக்கும் என்று நினைத்து, பல்லின் இன்னொரு பக்கத்தில் இருந்து புதிதாக அரைத்து, நானே பக்கத்தில் நின்று திரும்பவும் செய்தேன். திரும்பவும் அதே விடை. மிகப் பழைய பாறை, உயர்ந்த மலை. சுண்ணாம்புக்கல்லின் வாசமே இல்லை.

இன்றைக்கு யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நாலாயிரம் மைலுக்கு அப்பால் கிடந்த ஒரு செத்த பெண்ணின் பல்லில் இதே இயந்திரம் சொன்னதை நான் ஒரு வார்த்தை மறுக்காமல் எழுதிக்கொண்டேன். அம்மாவின் பல்லில் சொன்னதை மட்டும் நம்பவில்லை. பல் வைத்தியர் போட்ட மருந்து ஊறியிருக்கும் என்றேன், போத்தலில் ஏதும் ஒட்டியிருக்கும் என்றேன். பேராசிரியை அந்த மாதிரியை ஒதுக்கி வைத்தார். நான் அதைச் சபையில் சொல்லிச் சிரிக்க ஒரு நல்ல பகிடியாக மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மாவைச் சீண்ட இதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சபை அப்பாவின் திவசத்தன்று கூடியது.

அண்ணா அஜக்ஸில் வீடு வாங்கியதில் இருந்து திவசம் அங்கேதான். முதல் நாளே நானும் அம்மாவும் போய்விட்டோம். விடியற்காலையில் இருந்து அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஐயர் வந்து, செய்யவேண்டியதைச் செய்து, இன்னொரு வீட்டுக்கு அவசரமாக ஓடினார். மேசையில் அண்ணா, அண்ணி, அண்ணியின் தாய் தகப்பன், மாமி, நான். மாமி அப்பாவின் அக்கா. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர், இங்கேயும் எல்லாரையும் வகுப்பில் இருப்பது போலத்தான் பார்ப்பார். அவருக்கு முதல் வடை போகாமல் எங்கள் குடும்பத்தில் எந்தச் சாப்பாடும் தொடங்கியதில்லை. அம்மா வழக்கம் போல நின்றுகொண்டு பரிமாறினார். இருங்கோ அம்மா என்றால், "நான் பேந்து சாப்பிடுறன்" என்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து மாமி இருக்கும் மேசையில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

பாயாசம் வந்த நேரத்தில் அண்ணா தொடங்கினான். "என்ன, எலும்புக் கடை எப்பிடிப் போகுது?"

"கடை மோசம். மெசினுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்றேன். "அம்மான்ர பல்லைக் குடுத்தனான். அம்மா யாழ்ப்பாணமே இல்லையாம். மலைநாடாம். தேயிலைத் தோட்டத்தில பிறந்து வளந்தவவாம். சுத்த யாழ்ப்பாணம் எண்டு பேராசிரியைக்கு அடிச்சுச் சொல்லிப் போட்டு நான் முழுசிக்கொண்டு நிக்கிறன்."

அண்ணா வெடித்துச் சிரித்தான். அண்ணி சிரித்தார். அண்ணியின் தகப்பன், "நல்ல மெசின்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நான் மாமியைப் பார்த்தேன், அவரும் சிரிப்பார் என்று. மாமியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"ஆர் உனக்குச் சொன்னது?" என்றார்.

"மெசின் மாமி" என்றேன், இன்னும் சிரித்தபடி.

மாமி என்னை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீயே சொன்னனி? தம்பி செத்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு உதைச் சொல்லி என்னத்தைக் காணப்போறாய்?"

அம்மா பாயாசச் சட்டியோடு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. "நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்ல அக்கா" என்றார்.

சொன்னது என்ன, சொல்லாதது என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அண்ணாவின் வாயில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எப்படி மூடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அண்ணியின் தாய்தான் முதலில் வாயைத் திறந்தார். குரலைத் தாழ்த்தி, ஏதோ நோயின் பெயரைக் கேட்பது போல, "அந்தத் தோட்டக்காட்டுப் பக்கமோ?" என்றார்.

மாமிக்கு இனி மறைத்துப் பயனில்லை என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னார். "எங்கட அய்யா கண்டியில வேலை செய்யேக்க கூட்டியந்தவர். அப்ப ஆறு வயசு இருக்கும். அங்க பஞ்சம், பிள்ளையள் சாகுதுகள். வீட்டில கைக்குதவியா இருக்கும், படிக்கவும் வைப்பம் எண்டுதான். எங்கட வீட்டில வளந்த பிள்ளை. நாங்கள் ஒரு வித்தியாசமும் பாக்கேல்ல."

"படிக்க வைச்சனீங்களோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அவளுக்குப் படிப்பு ஏறேல்ல" என்றார் மாமி.

அண்ணியின் தாய் தன் பாயாசக் கோப்பையை மெதுவாக அப்பால் தள்ளி வைத்தார். சுகர் கூடிப்போச்சு என்றார். ஏற்கனவே ஒரு கோப்பை குடித்து முடித்திருந்தார்.

"அம்மா, உண்மையோ?" என்றான் அண்ணா. அழப்போகிற குரல்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போனார். தண்ணீர் திறந்துவிடும் சத்தமும் சட்டி உரசும் சத்தமும் கேட்டன. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை திவசம், எத்தனை பிறந்தநாள், எத்தனை பொங்கலுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன்! வெறும் பாத்திரம் கழுவும் சத்தம் என்றுதானே இருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. எழும்பி நின்று, "இவ்வளவு காலமும் உங்களுக்குப் பிறகு அம்மா சாப்பிட்டது ஏன் எண்டு இப்பதான் விளங்குது மாமி" என்றேன்.

"அது அவளாப் பழகினது. ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார் மாமி. மெய்யாகவே அப்படித்தான் நம்பினார் என்று அவர் முகம் சொன்னது. அதுதான் என்னை இன்னும் திகைக்க வைத்தது. மாமி பொல்லாதவர் இல்லை. நான் பல்கலைக்கழகம் போனபோது முதலில் சங்கிலி போட்டுவிட்டவர் அவர்தான்.

அம்மாவைக் குசினியில் இருந்து கையைப் பிடித்து இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது. சட்டிகளைக் கழுவி முடிக்காமல் வரமாட்டேன் என்றார். அண்ணா கராஜ் வாசலில் செருப்பில்லாமல் நின்றான். அவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். கார் 401 நெடுஞ்சாலையில் ஏறும்வரை அம்மா மடியில் இருந்த ஹான்ட்பாக்கின் சிப்பைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வாகனங்கள் ஊர்ந்தன. ஓரத்துப் பனி கறுத்துக் கிடந்தது.

"அப்பா?" என்றேன்.

"அப்பாக்குத் தெரியாமலே? அந்த வீட்டுப் பிள்ளைதானே அவர்" என்றார் அம்மா. வீதியைப் பார்த்தபடியே சொன்னார். "விருப்பம் எண்டார். வீட்டில அடிபிடி. என்னைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்திட்டார். அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது. பேந்து இஞ்ச. இஞ்ச வந்து பாத்தால் சந்திக்கிற ஆக்கள் எல்லாம் முதல் கேக்கிறது ஊர் எது எண்டுதான். எனக்கும் ஒரு ஊர் வேணுமெண்டு அப்பா ஒண்டு சொல்லித் தந்தார். அது அவற்ற சிநேகிதன்ர ஊர்."

"அப்ப அந்தக் கிணறு?"

"எந்தக் கிணறு?"

"எங்கட ஊர்க் கிணறு. கல்கண்டுத் தண்ணி எண்டு சொல்லுவீங்கள்."

"நான் காணேல்லப் பிள்ளை. நான் அந்த ஊருக்குப் போகவே இல்லை."

முன்னால் நின்ற கார் நகர்ந்தும் நான் நகரவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். முப்பது வருடமாக என் அம்மா கால் வைக்காத ஓர் ஊரின் கத்தரிக்காயைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் இருத்திச் சோறு தின்னக் கொடுத்திருக்கிறார். அங்கே யாராவது ஓர் ஒழுங்கையின் பெயரைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? இத்தனை வருடமும் எப்படி நித்திரை கொண்டார்? எனக்குக் கோபமா, அழுகையா, பயமா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் எப்போதும் பழுது. மற்றதுக்கு வரிசையில் நின்றோம். பக்கத்து வீட்டு அண்ணை, "என்ன, திவசம் நல்லாய் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "ஓம், ஒரு குறையுமில்லை" என்றார் அம்மா. வடை கொஞ்சம் பிறகு கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். இவர் யார் என்று நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பெற்ற பெண்ணை, அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பது போல இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கோட்டைக் கூடக் கழற்றவில்லை. குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்டு, ஒரு கிளாஸ் நிறையக் குடித்தார். அவர் எப்போதும் அப்படித்தான் குடிப்பார். ஐஸ் மாதிரி இருக்கவேண்டும். மற்ற யாழ்ப்பாணத்து அன்ரிமார் எல்லாம் சுடுதண்ணீர் குடிக்கும் நாட்டில் இவர் மட்டும் ஏன் இப்படி என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

"பீலித் தண்ணி இப்பிடித்தான் இருக்கும். பல்லுக் கூசும்" என்றார்.

பீலி என்பது மலையில் இருந்து தண்ணீர் வந்து விழும் குழாய். அந்தச் சொல்லை அவர் வாயில் இருந்து நான் முன்பும் ஒன்றிரண்டு தரம் கேட்டிருக்கிறேன். அது அவருடைய ஊர்ச் சொல் என்று நினைத்திருந்தேன். அவருடைய ஊர்ச் சொல்தான்.

நான் கதிரையில் இருந்தேன். அம்மா நின்றபடி சொன்னார். விடியப் பனிப்புகார் மூடியிருக்கும். தாய் தலையில் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போகும்போது இவரைப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அறையில், விட்டுவிட்டுப் போகும். தாய் இடுப்பில் கட்டும் சாக்கு ஈரமாக மணக்கும். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரு பெரிய கல், அதில் உடுப்புக் காயப்போடுவார்கள். தூரத்தில் ரயில் கூவுவது கேட்கும். ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்தார், தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் கங்காணி அவரோடு நின்றார், தாய் தலை வாரிவிட்டது. அவ்வளவுதான் நினைவு.

"தோட்டத்தின்ர பேர்?"

"தெரியாது."

"அம்மம்மான்ர பேர்?"

"அம்மா எண்டுதானே கூப்பிட்டனான்" என்றார். "பேர் கேக்கிற வயசோ அது?"

நான் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தலையைத் தடவவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அய்யாட்டைக் கேக்கப் பயம். அவர் செத்த பிறகு கேக்க ஆளில்லை. அந்தப் பக்கத்துச் சனத்தைக் கப்பலில ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிப் போட்டினம் எண்டு ஆரோ கதைச்சவை. ஆர் போனது, ஆர் நிண்டது எண்டு எனக்கென்ன தெரியும்? அப்பா தேடுவம் எண்டார். எதைப் பிடிச்சுத் தேடுறது? அந்தக் கல்லை எண்டோ?"

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா. எங்களுக்கு மட்டும் எண்டாலும்."

"வாயில வராது" என்றார். "எத்தினையோ நாள் பாத்தனான். வராது. பேந்து நீ வந்து சொன்னாய், சின்னனில எந்தத் தண்ணி குடிச்சது எண்டு உன்ர மெசின் சொல்லும் எண்டு. அதுதான் தந்தனான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரிஞ்சோ தந்தனீங்கள்?"

"தெரியாமலே? நீ வந்து கேப்பாய், கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ ஒண்டும் கேக்கேல்ல. மெசினுக்கும் தெரியேல்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

இரண்டு மாதம். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் ஒவ்வொரு மாலையும் அவர் குசினி வாசலில் வந்து நின்று, "என்ன, இண்டைக்கு ஆய்வுகூடத்தில என்ன விசேசம்?" என்று கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் என் வேலையைப் பற்றி அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நான் ஒவ்வொரு நாளும் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா எனக்கு எதிரில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது.

"அப்ப சொல்லு" என்றார். "எந்தத் தோட்டமாம்?"

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். காலையில் இருந்து கல் மாதிரி இருந்த முகம், ஒரு சின்னப் பிள்ளையின் முகமாக ஆகியிருந்தது. மாமி சொன்னதோ, அண்ணியின் தாய் கோப்பையைத் தள்ளியதோ எதுவும் அவருக்கு இப்போது பெரிதில்லை. இந்தப் பதிலுக்காகத்தான் அவர் அந்தப் போத்தலை என் கையில் தந்திருக்கிறார். என் படிப்பு முழுவதும், எத்தனையோ வருடம், அத்தனையும் திரண்டு வந்து அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நின்றது.

"அது அப்பிடிச் சொல்லாது அம்மா" என்றேன். "மலை எண்டு மட்டும்தான் சொல்லும். எந்த மலை எண்டு தெரியாது. அந்தப் பக்கம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே பாறை."

"கண்டிப் பக்கமோ, நுவரெலியாப் பக்கமோ எண்டாவது?"

"இல்லை அம்மா."

"திருப்பி ஒருக்காப் போட்டுப் பாத்தால்?"

"திருப்பியும் போட்டனான்."

அவர் மேசையில் கிடந்த வடைப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து வாயை அகலத் திறந்து, விரலை உள்ளே விட்டு, மற்றப் பக்கத்துக் கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இஞ்சால ஒண்டு ஆடுது" என்றார். "இதையும் கழட்டித் தரட்டோ?"